பாப்பாவுக்கு வாங்கிய தவளை

பாப்பா,

மூன்று நாளாக விடாத மழை. குவாட்டர்ஸ் கூரையில் ஓடு நகர்ந்து, சமையற்கட்டுப் பரணுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. இன்று காலை வெயில் கொஞ்சம் தலைகாட்டியதும் பரணில் கிடந்ததையெல்லாம் இறக்கிப் பின்வாசல் சிமெண்டுத் தரையில் பரப்பினேன். உடைந்த அரிவாள்மணை, எப்போதோ வாங்கிய காகிதப் பூ, உன் அண்ணனின் பழைய தொப்பி, இதற்கெல்லாம் நடுவே துணியில் சுற்றிய, எனாமல் பூசிய ஒரு மங்குத் தட்டு. பிரித்து வெயிலில் வைத்துவிட்டு உலை வைக்கப் போனேன். திரும்பி வரும்போது தட்டில் உறைந்திருந்த கறுப்பு மெழுகு இளகி மணக்க ஆரம்பித்திருந்தது. மெழுகுவத்தியும் விளக்குக் கரியும் கலந்த மணம். மெழுகில் குண்டூசி குத்திய துளைகள் அப்படியே இருந்தன. மேலே கைகளுக்கு, கீழே கால்களுக்கு.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உலை பொங்கி அடுப்பு அணைந்தது கூடத் தெரியவில்லை. இப்போதெல்லாம் ஒரு இடத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வருவதில்லை. மாமாவை, உன் அப்பாவை, கிள்ளானில் தனியாக விட முடியாமல் இங்கே பிரிக்பீல்ட்ஸுக்கே கூட்டி வந்துவிட்டோம். அவர் முன்போல் இல்லை. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது. கஞ்சி, கஷாயம், வெந்நீர், மறுபடி கஞ்சி என்று என் பொழுது போகிறது. சாமிக்கு விளக்கேற்றும்போது மட்டும்தான் நான் நிமிர்ந்து நிற்கிறேன் என்று நினைக்கிறேன்.

நீ போய் நாலு வருஷம் ஆகிறது. இந்தக் கடிதத்தைப் போட விலாசம் கிடையாது. ஆனாலும் எழுதுகிறேன். திங்கட்கிழமைக்குள் இந்த வீட்டில் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். உன் அண்ணன் மகளைப் பற்றிய பதில். அதை யாரிடம் பேசுவது என்று யோசித்தால் உன்னைத் தவிர ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.

நான் இந்தக் குடும்பத்துக்கு வந்த புதிதில் நாத்தனார் என்றாலே எனக்குப் பயம். நீ என்னவோ இரட்டைப் பின்னலும் கையில் புத்தகமுமாக வந்து நின்று, "அண்ணி, உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?" என்றாய். எழுத்துக்கூட்டிப் படிப்பேன் என்றேன். அது உண்மை. பள்ளிக்கூடத்து வாசலை நான் மிதித்ததில்லை. பதிகப் புத்தகத்தையும் மளிகை கட்டி வரும் காகிதத்தையும் பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டது. "அப்ப கூட்டியே படிங்க. நான் என்ன ரயிலுக்கா போறேன்?" என்று எதிரே உட்கார்ந்துகொண்டாய். அன்றைக்கே எனக்குப் பயம் போய்விட்டது.

தாய் இல்லாத பெண் நீ. மாமா கிள்ளான் ஸ்டேஷனில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்து, தானே சமைத்து உன்னை வளர்த்தவர். சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரியில் உனக்கு இடமும் உபகாரச் சம்பளமும் கிடைத்தபோது ஊரில் பாதிப் பேர் வாழ்த்தினார்கள், பாதிப் பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாமா இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு உன்னை ரயிலேற்றினார். அவர் வைத்தது ஒரே ஒரு நிபந்தனை. "ஒரு பாடத்துல தவறினாலும் திரும்பி வந்துடணும். வந்தா கல்யாணம்." நீயும் சரி என்றாய்.

முதல் வருஷ முடிவில் நீ நேரே எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாய். பெட்டியைக் கீழே வைக்காமலே சொன்னாய்.

"பயாலஜி போச்சு, அண்ணி."

கெமிஸ்ட்ரி தேறியிருந்தாய். பிஸிக்ஸ் தேறியிருந்தாய். உயிர்களைப் பற்றிய அந்த ஒரு பாடத்தில், அதிலும் எழுத்துப் பரீட்சையில் நன்றாக வாங்கி, கையால் செய்து காட்டும் பரீட்சையில் தவறியிருந்தாய். மறுபரீட்சைக்கு ஒரு வாய்ப்பு உண்டு. அதிலும் தவறினால் கல்லூரி வெளியே அனுப்பிவிடும். அதில் தேறினால் கல்யாணப் பேச்சை விட்டுவிடுவதாக மாமா ஒப்புக்கொண்டார். மாமா அதற்குள் ரவாங்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்துக் கிராணியைப் பார்த்து வைத்திருந்தார். நல்ல பையன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். தை மாதத்தில் முகூர்த்தம் என்று பேச்சு.

எப்படித் தவறினாய் என்று கேட்டேன். மறுநாள் நான் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னாய். ஒவ்வொருவருக்கும் ஒரு தவளையைக் கொடுத்து, அறுத்து உள்ளே இருப்பதைப் படம் வரையச் சொன்னார்களாம். நீ மளமளவென்று வரைந்து முதல் ஆளாக முடித்துவிட்டாயாம். பரீட்சை வைத்த துரை வந்து உன் படத்தைப் பார்த்தாராம். தட்டைப் பார்த்தாராம். மறுபடி படத்தைப் பார்த்தாராம்.

"இது எந்தத் தவளைன்னு கேட்டார், அண்ணி. என் முன்னால இருக்கிற தவளைதான் சார்னேன். அப்படின்னா இந்த முட்டையெல்லாம் எங்கே போச்சுன்னு கேட்டார். அப்பத்தான் தட்டைப் பார்த்தேன். வயிறு பூரா முட்டை. நான் வரைஞ்சு வெச்சது ஆண் தவளை."

புத்தகத்தில் இருந்தது ஆண். அதைத்தான் நீ மனப்பாடம் செய்திருந்தாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ முறைத்தாய். பிறகு நீயும் சிரித்தாய்.

உன் மனப்பாடத்தை நான் அறிவேன். அந்தப் புத்தகம் முழுவதையும் நாம் கோயிலில் ஓதும் ராகத்தில் போட்டு வைத்திருந்தாய். நம் வீட்டில் எதைக் கற்றுக்கொள்வதானாலும் அப்படித்தானே. பதிகமானாலும் வாய்ப்பாடானாலும் ராகத்தில் ஏறினால்தான் நாக்கில் நிற்கும். விடியற்காலையில் நீ இங்கிலீஷில் ஓதுவதைக் கேட்டுப் பக்கத்து குவாட்டர்ஸ் அம்மாள் வேலி வழியாக, "உங்க நாத்தனார் நல்லா ஓதறாங்களே, இது எந்தப் பதிகம்?" என்று கேட்டாள். "தவளைப் பதிகம்" என்றேன். அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள்.

அந்த விடுமுறையில்தான் நீ எனக்கு அதையெல்லாம் தமிழில் சொன்னாய். சொல்லிப் பார்த்தால் உனக்கே புரியும் என்று ஆரம்பித்தது. ஒரே ஒரு துளி உடம்பாக இருக்கும் அமீபாவுக்கு வாய் இல்லை, எந்தப் பக்கம் இரை பட்டதோ அந்தப் பக்கமே வாய் என்றாய். மண்புழு ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக ஒரே உடம்பில் இருக்கிறது என்றாய். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "அர்த்தநாரி" என்றேன். "அண்ணி, அதைப் பரீட்சையில எழுதினா முட்டைதான் கிடைக்கும்" என்றாய். சுண்டலுக்கு ஊறவைத்த மொச்சையைப் பிளந்து, உள்ளே ஓரமாக மடங்கிக் கிடக்கும் முளையைக் காட்டினாய். எத்தனை ஆயிரம் மொச்சையை இந்தக் கை தோலுரித்திருக்கும்! ஒரு நாளும் நான் அதைக் கண்டதில்லை. பூஜைத் தட்டிலிருந்து ஒரு செம்பருத்தியை எடுத்து நகத்தால் நீளமாகக் கீறி, அடியில் இருக்கும் சூலைக் காட்டினாய். சாமிக்கு வைக்கும் பூவைக் கீறுகிறாயே என்று நான் கோபித்துக்கொண்டேன். கோபம் தீர்ந்த பிறகு இன்னொரு பூவை நானே எடுத்துக் கொடுத்தேன்.

செடிகொடியில் உனக்குத் தடை இல்லை. தவளைதான் குறுக்கே நின்றது. கல்லூரியில் நீ அறுத்ததெல்லாம் கூட இருந்த பெண் தோலைப் பிடித்துக்கொடுக்க, நீ கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அறுத்ததாம். "எனக்கு ஒரு தவளை வேணும், அண்ணி. நானே தனியா அறுத்துப் பார்த்தாத்தான் பயம் போகும்" என்றாய். பின்னால் சாக்கடையில் கத்துகிறதே, பிடித்துக்கொள்ளேன் என்றேன். "அது தேரை. எனக்குப் பெரிய வயல் தவளை வேணும்." பெரிய தவளை பாசாரில் கிடைக்கும். சீனர்கள் சமைப்பதற்கு வாங்குவார்கள். உன் அண்ணனை வாங்கி வரச் சொன்னேன். "பாசாரில் என் ஆபீஸ்காரன் எவனாவது பார்த்தான்னா, சைவம் சைவம்னு சொல்லிட்டுத் தவளை வாங்கறியாடான்னு ஆயுசுக்கும் கேலி பண்ணுவான்" என்றார். நீயோ வெளியே போனால் மாமா காதுக்குச் சேதி போய்விடும். ஆக, நான்தான் போனேன்.

அதுவரை கறிக்கடைப் பக்கம் போகும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போகிறவள் நான். தவளைக் கூடை முன்னால் நின்றபோது கூடைக்காரச் சீனத்தி என் நெற்றி விபூதியைப் பார்த்தாள், புடவையைப் பார்த்தாள். "தாச்சி மாக்கான்?" என்று கேட்டாள். அம்மா, நீ சாப்பிடவா என்று கேட்கிறாள் என்பது புரிந்தது. இல்லை என்று சொன்னால் ஏன் எதற்கு என்று மலாயில் விளக்க எனக்கு வராது. ஆமாம் என்று தலையாட்டினேன். முருகா முருகா என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே விரலால் பெரியதாக ஒன்றைக் காட்டிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டேன். பின்னால் கத்திச் சத்தம் கேட்டது. வேறு யாருக்கோ வெட்டுகிறாள் என்று நினைத்தேன். இலைப் பொட்டலத்தைப் புடவைத் தலைப்பில் படாமல் தூக்கிக்கொண்டு வந்து உன் முன்னால் வைத்தேன்.

நீ பிரித்தாய். தலை இல்லை, தோல் இல்லை. வெள்ளை வெளேரென்று இரண்டு தொடையும் முதுகும். வயிறு கழுவித் துடைத்த பாத்திரம் மாதிரி காலி.

"அண்ணி, உள்ளே இருந்ததெல்லாம் எங்கே?"

"சுத்தம் பண்ணிக் கொடுத்துட்டா போலிருக்கே."

"எனக்கு அந்த அசுத்தம்தானே வேணும்!"

கறி வாங்கியே அறியாதவளுக்கு, கறிக்கடையில் உயிரோடு காட்டியதை வெட்டிச் சுத்தம் செய்துதான் கொடுப்பார்கள் என்பது எப்படித் தெரியும்? நீ சிரித்துச் சிரித்துத் தரையில் படுத்துவிட்டாய். என் மகள் ஓடி வந்து, அத்தை ஏன் அழறாங்க என்று கேட்டாள். அப்புறம், காலாவது மிஞ்சியதே என்று அந்தத் தொடைத் தசைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிட்டு முருங்கை மரத்தடியில் புதைத்தாய். அந்த மாத வீட்டுக் கணக்கில் நான் 'தவளை' என்றே எழுதினேன். கணக்கில் பொய் எழுத எனக்கு வராது. உன் அண்ணன் அந்த வரியைப் படித்துவிட்டு, "வாய்க்கு ருசியா இருந்துச்சா?" என்று கேட்டார்.

அதன் பிறகு கந்த சஷ்டி வந்துவிட்டது. ஆறு நாளும் நான் ஒருவேளைப் பாலும் பழமுமாக இருப்பது உனக்குத் தெரியும். விரதம் முடிந்ததும் நீ சிங்கப்பூருக்கு ரயிலேற வேண்டும். அதற்குமேல் நாள் இல்லை. இன்னொரு தவளை வேண்டும் என்று நீ கேட்கவில்லை. கேட்காமல் புத்தகத்தை மட்டும் திறந்து திறந்து மூடினாய். நான் சாமி முன்னால் நின்று யோசித்தேன். முருகனின் மயில் காலில் பாம்பை மிதித்துக்கொண்டு நிற்கிறது. அந்தப் பாம்பு எதைத் தின்று வளர்ந்தது என்று அவனுக்குத் தெரியாதா? தெரிந்துதானே பக்கத்தில் வைத்திருக்கிறான். இது சரியான நியாயமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அது போதுமாக இருந்தது. உன் அண்ணனிடம் உயிரோடு என்பதற்கு மலாயில் என்ன என்று கேட்டுக்கொண்டு போனேன். "ஹீடுப், ஹீடுப்" என்று மூன்று முறை சொன்னேன். கூடைக்காரி கத்தியை எடுத்தபோது அவள் கையையே பிடித்துவிட்டேன்.

மெழுகுவத்திகளை உருக்கி, பாவை விளக்கில் பிடித்த கரியைக் கலந்து, மங்குத் தட்டில் ஊற்றி ஆறவைத்தேன். அடி கறுப்பாக இருந்தால்தான் உறுப்பெல்லாம் தெரியும் என்று நீ சொல்லியிருந்தாய். கண்மை கூட்டுகிற கைக்கு அது ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸர் கொடுத்த மயக்க மருந்தை நீ பஞ்சில் ஊற்றி ஜாடிக்குள் போட்டாய். சாமி அறைத் திரையை நான் இழுத்துவிட்டேன். குளிக்கிற கொட்டகையில் உட்கார்ந்தோம். தவளை ஓய்ந்ததும் எடுத்து, மெழுகில் மல்லாத்திக் கைகால்களில் குண்டூசி குத்தினாய். ஆனாலும் வெகுநேரம் கத்தரியைத் தொடவில்லை.

"தனியா முடியலை, அண்ணி."

"தோலை நான் பிடிச்சுக்கறேன். நீ வெட்டு."

"நீங்க விரதம்."

"விரதம் வயித்துக்கு. கைக்கு இல்ல."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. வாயில் வந்தது. இடுக்கியால் அந்தத் தோலைத் தூக்கிப் பிடித்தேன். ஈரத் துணி மாதிரி இருந்தது. நீ வெட்ட ஆரம்பித்ததும் உன் வாய் தானாகவே ராகம் போட்டது. நடுக்கோட்டில் ஓடும் ரத்தக் குழாயை விட்டு ஓரமாக வெட்ட வேண்டும், கத்தரி முனை மேலே பார்க்க வேண்டும், என்று இங்கிலீஷில் பதிகம். கண் என்னவோ கொட்டகைக் கூரையைப் பார்த்தது. எனக்குத் திக்கென்றது. பரீட்சையிலும் இப்படித்தான் செய்திருக்கிறாய்.

"பாட்டை நிறுத்து, பாப்பா."

நிறுத்தினாய்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. என்ன தெரியுதுன்னு எனக்குச் சொல்லு. கீழே பார்த்துச் சொல்லு."

குனிந்தாய். பிறகு சொன்னாய், தமிழில், மெதுவாக. கறுப்பும் வெள்ளையுமாக, கடுகைப் பாலில் போட்ட மாதிரி, வயிறு முழுக்க முட்டை. அதன் நடுவே விரல் விரலாக மஞ்சள் கொழுப்பு. அதை ஒதுக்கினால் ஈரல், அதன் மடிப்பில் பச்சைப் பயறு மாதிரி பித்தப் பை. இடது பக்கம் வளைந்த இரைப்பை. மேலே, எலும்பைத் திறந்ததும், இதயம். அது துடித்துக்கொண்டிருந்தது.

நான் இடுக்கியை விட்டுவிட்டேன். "பாப்பா, இது சாகலை!"

"செத்தாச்சு, அண்ணி. இதயத்துக்கு மட்டும் இன்னும் சேதி போகலை."

நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். அந்தச் சின்னச் சிவப்புப் பை சுருங்குவதும் விரிவதுமாக இருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோயில் கருவறையில்கூட நான் அவ்வளவு கண் எடுக்காமல் நின்றதில்லை. தப்பாக இருந்தால் முருகன் மன்னிக்கட்டும்.

அப்போதுதான் கொட்டகை வாசலில் நிழல் விழுந்தது. மாமா. கையில் குடையும் பூப் பொட்டலமும். கிள்ளான் ரயிலில் வந்தவர் காலைக் கழுவலாம் என்று நேரே பின்பக்கம் வந்திருக்கிறார். தட்டைப் பார்த்தார். உன் கையைப் பார்த்தார். என் கையை அதிகமாகப் பார்த்தார்.

"என்ன அது?"

"தவளைப்பா. பரீட்சைக்கு."

"உள்ளே கறுப்பா?"

"முட்டைப்பா."

"சஷ்டியும் அதுவுமா சினைத் தவளையை அறுத்தீங்களா?"

அவர் கத்தியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "உன்னை நம்பித்தானேம்மா இவளை இங்க விட்டேன்" என்றார். பூவைக் கொட்டகைச் சுவரில் வைத்தார். வடித்த சோறு அடுப்பில் இருந்தது. ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த ரயிலுக்குப் போய்விட்டார். குடையை விரிக்காமலே வெயிலில் நடந்து போனார். அந்த முதுகு இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

நீ கத்தரியைக் கீழே வைத்தாய்.

"போதும், அண்ணி. அப்பா சொல்ற ரவாங்காரரையே கட்டிக்கிறேன்."

எனக்குக் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத மயக்கம். மாமாவின் வார்த்தை நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றது. உன்னைச் சமாதானப்படுத்த எனக்குத் தெம்பு இல்லை, பாப்பா. இருந்தால் ஏதாவது நல்ல வார்த்தை சொல்லியிருப்பேன்.

"கட்டிக்கோ. யார் வேண்டாம்னா? ஆனா ஒரு உசிரை எடுத்தாச்சு. அதைப் பாதியில விட்டுட்டு எழுந்திருக்காதே. உள்ளே இருக்கிறதைப் பூரா பார்த்து வரைஞ்சு முடி. அப்புறம் ரவாங் போறியோ சிங்கப்பூர் போறியோ, உன் இஷ்டம்."

நீ வரைந்தாய். கண்ணீர் காகிதத்தில் விழாமல் இருக்கத் தலையைப் பின்னால் சாய்த்துச் சாய்த்து வரைந்தாய். ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் தட்டைப் பார்த்தாய். எனக்குப் படம் பார்க்கத் தெரியாது. ஆனால் தட்டையும் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தபோது இரண்டிலும் ஒரே தவளை இருந்தது. அதையும் முருங்கை மரத்தடியில் புதைத்தோம். நான் கொஞ்சம் விபூதி போட்டேன். இரண்டு பேரும் தலைக்குக் குளித்தோம்.

மறுபரீட்சையில் தேறினாய். மாமா மறுபடி ரவாங் பேச்சை எடுக்கவில்லை. சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுகிறவர் அவர். ஆனால் அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தால் முன்வாசலிலேயே காலைக் கழுவினார்.

நீ விடுமுறைக்கு வரும்போதெல்லாம் புதிது புதிதாகச் சொல்லுவாய். தவளையிலிருந்து மனுஷ உடம்புக்குப் போனாய், பிறகு வார்டுக்குப் போனாய். பிரசவ வார்டில் தமிழ்ப் பெண்கள் வலியில் ஆண் டாக்டரைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வாயை இறுக்கிக்கொள்வதைச் சொன்னாய். நீ போய் நின்றதும் ஒருத்தி உன் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம பொண்ணா? ஏன் தாயி இவ்வளவு நேரம் வரலை?" என்று திட்டினாளாம். அதைச் சொல்லும்போது உன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். மெலிந்திருந்தாய். தூங்காத கண். ஆனால் முகம் நிறைந்திருந்தது.

கடைசிப் பரீட்சைக்கு முந்தின வருஷம் வார்டில் பிடித்த டைபாய்டில் போனாய். தந்தி வந்த அன்று உன் அண்ணன் ரயிலேறினார். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. காரியங்களை அங்கேயே செய்துவிட்டுத் தாடியோடு வந்து நின்றார்.

பதினாறாம் நாள் மாமா ஒரு வார்த்தை சொன்னார். "சினைத் தவளையோட பாவம். அன்னைக்கே நினைச்சேன்." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பார்க்காமல் சொன்னார். அதிலிருந்து இந்த வீட்டில் நீ போனதற்குக் காரணம் அதுதான். ஒருவரும் விவாதம் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

பாவம் உண்டு என்றுதான் நானும் நம்புகிறேன். வயிற்றில் முட்டையோடு இருந்த உயிரை எடுத்தோம். இல்லை என்று சொல்ல என்னால் முடியாது. நாலு வருஷமாகச் சஷ்டிதோறும் அதற்கும் சேர்த்துத்தான் விழுந்து கும்பிடுகிறேன். ஆனால் எனக்கு ஒரு இடத்தில் கணக்கு உதைக்கிறது. தேடிப் போய் வாங்கியது நான். உயிரோடு வேண்டும் என்று கையைப் பிடித்தது நான். தோலைத் தூக்கிப் பிடித்ததும், முடி என்று சொன்னதும் நான். பாவம் ஆளைத் தேடி வந்தது என்றால் என் பெயர்தானே முதலில் இருந்திருக்கும்? எனக்கு ஒரு காய்ச்சல்கூட வரவில்லை. உனக்கு வந்தது வார்டில் இருந்த நோய். அங்கே நோயாளிகளுக்குப் பக்கத்தில் நீ நின்றாய், அதனால் வந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரிகிறது. அதற்குமேல் முருகனுக்குத் தெரியும்.

இப்போது என் மகளைப் பற்றிச் சொல்கிறேன். உன்னைப் பார்த்து, அத்தை ஏன் அழறாங்க என்று கேட்டவள்தான். உயரமாகிவிட்டாள். அவளுக்கும் அந்தப் பாடம்தான் வேண்டுமாம். பெண்கள் பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ஆண்கள் பள்ளிக்கூடத்தில் சில பெண்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். தாயோ தகப்பனோ திங்கட்கிழமை நேரில் வந்து தலைமையாசிரியரிடம் சம்மதம் சொல்ல வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். உன் அண்ணன், "ஒருத்தியைக் கொடுத்தது போதும்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. தாடியோடு வந்து நின்றவர் அவர்.

சற்றுமுன் மாமாவுக்குக் கஞ்சி கொடுக்கப் போனேன். அவர் கிண்ணத்தை வாங்காமல் கேட்டார்.

"திங்கக்கிழமை என்னம்மா சொல்லப் போறே?"

"சேர்க்கிறேன்னு சொல்லப் போறேன், மாமா."

"அவ்வளவு தைரியமா உனக்கு?"

"தைரியம் இல்ல மாமா. ஒரு பொண்ணை வேண்டாம்னு தடுத்து வெச்சு, தினம் அவ முகத்தைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கத் தெம்பு வேணும். எனக்கு அது இல்ல."

அவர் வெகுநேரம் இருமினார். முதுகைத் தடவிக்கொடுத்தேன். இருமல் நின்றதும், "அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்று கேட்டார். உனக்காகக் கேட்டாரா, இவளுக்காகக் கேட்டாரா, தெரியவில்லை.

"ஏதாவது ஆச்சுன்னா நான் தாங்கமாட்டேன், மாமா" என்றேன். "அதுக்காக அவளை நிறுத்தவும் மாட்டேன்."

கஞ்சியை வாங்கிக்கொண்டார்.

உன்னை அனுப்பியபோது எனக்குப் பயம் இல்லை, பாப்பா. படித்தால் டாக்டர் ஆவாள் என்பது மட்டும்தான் தெரியும். இவளை அனுப்பும்போது வார்டு தெரியும், தந்தி தெரியும், தாடியோடு ரயிலை விட்டு இறங்கும் ஆளைத் தெரியும். நீ எனக்கு விட்டுப்போனது அந்தப் பயம்தான். அதோடு உன் நிறைந்த முகமும். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள முடியவில்லை. திங்கட்கிழமை புடவை மாற்றிக்கொண்டு அவளோடு நடந்து போவேன். உன் முகத்தைப் பற்றி வழியில் சொல்லுவேன். பயத்தை அவளிடம் காட்ட மாட்டேன். அது என்னோடு இருக்கட்டும்.

உன் அண்ணி